ஒரு நாள் குறைந்த குழந்தை

தல்லூசாவுக்கு விடுதலை கிடைத்தது ஒரு விருந்தின் நடுவில். மீன் தட்டுகளை எடுத்துவிட்டு அத்திப்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். எஜமான் மின்டியஸ் அன்று நல்ல மப்பில் இருந்தார். சாய்ந்து படுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று நண்பர்களிடம் அவளையும், ஒயின் ஜாடியோடு நின்ற பெலிசியோவையும் காட்டினார்.

"இதுங்க ரெண்டும் பொறந்ததுலேர்ந்து இந்த வீட்டுல உழைக்குதுங்க. நீங்கதான் சாட்சி. இன்னியிலேர்ந்து ரெண்டும் சுதந்திரம்" என்றார்.

நண்பர்கள் கை தட்டினார்கள். "சரி, மிச்சப் பழத்தையும் வச்சிட்டுப் போம்மா" என்றார் ஒருவர். அவளும் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, அவனுக்கு இருபத்தாறு. அங்கேதான் சிக்கல். முப்பது வயதுக்கு முன்னால் கிடைக்கிற விடுதலை அரை விடுதலை என்று சட்டம். ரோமை ஆளும் சீசர்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. எல்லையில் சண்டை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம், எந்த வயதில் யாரை விடுவிக்கலாம், செத்தவர்களுக்கு எத்தனை நாள் அழலாம் என்று எங்கள் அடுப்படிவரை வந்து எட்டிப் பார்த்துச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தின்படி தல்லூசாவும் பெலிசியோவும் உயிரோடு இருக்கும்வரை சுதந்திரமானவர்கள். மூச்சு நின்ற கணத்தில் மறுபடியும் அடிமைகள். சேர்த்து வைத்த சட்டி பானையிலிருந்து ஊசி நூல்வரை மின்டியஸ் வீட்டுக்குப் போய்விடும். பெற்ற பிள்ளைக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சாது.

அதே சட்டத்தில் ஒரு வாசலும் இருந்தது. குடிமக்கள் ஏழு பேரைச் சாட்சி வைத்து, பிள்ளை பெறுவதற்காகக் கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். பிள்ளை பிறந்து ஒரு வயது நிறைந்ததும் நகர நீதிபதி முன்னால் போய் அதைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் ரோமக் குடிமக்கள். ஒரு வயது நிறையும் முன்னால் பிள்ளை போய்விட்டால் ஒன்றும் இல்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கல்யாணம் நடந்தது. ஏழு சாட்சிகளும் தேன் பணியாரம் தின்று, ஒயின் குடித்து, கல்யாணத்தை எழுதிய பலகையின் மெழுகில் மோதிரத்தை அழுத்தி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அவெந்தின் மேட்டில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இவர்களுக்கு ஓர் அறை. பந்தய மைதானத்துக்குப் போகிறவர்கள் கல் படியில் போட்டு உட்காருகிற மெத்தை தைத்து விற்பது தொழில். பணக்காரர்கள் இறகு அடைத்த மெத்தை வைத்திருப்பார்கள்; இவர்களுடையதில் வெட்டிய நாணல்தான். நாணல் பஞ்சு பறந்து தல்லூசாவின் தலைமுடி எப்போதும் நரைத்த மாதிரியே இருக்கும். "கல்யாணமான வருஷமே கெழவி ஆயிட்டா பாரு" என்று கீழ்த்தளத்தில் கீரைக்கடை வைத்திருந்த ஸ்பெராத்தா கேலி செய்வாள்.

மே மாத நடுநாளில், அதாவது பதினைந்தாம் தேதி, பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவளே ஸ்பெராத்தாதான், அதுவும் தன் இருபது நாள் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்து. பிறந்த நாளைப் பலகையில் எழுதி மறுபடி ஏழு பேர் முத்திரை வைத்தார்கள். எட்டாம் நாள் பெயர் வைத்தார்கள், விதாலிஸ் என்று. உயிருள்ளவள் என்று பொருள்.

"பேருலயே சொல்லிட்டோம். இனிமே அவ பாடு" என்றான் பெலிசியோ.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ரொட்டிக்காரர், ஏழு சாட்சிகளில் மூத்தவர், குழந்தையின் கழுத்தில் ஒரு வெண்கலப் பிறையைக் கட்டிவிட்டார். பெண் குழந்தைகளைக் கண்ணேறு அண்டாமலிருக்கக் கட்டுவது. "அடுத்த வருஷம் நீதிபதி முன்னால இந்தப் பிறைய வச்சுத்தான் உன்ன அடையாளம் சொல்லுவேன், குட்டி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

பெலிசியோ அன்றே சுவரின் சாந்தில் வரிசை வரிசையாகத் துளை போட்டான், வருஷத்துக்குள்ள நாள் எல்லாவற்றுக்கும். எலும்பில் ஓர் ஆணி செதுக்கினான். தினமும் எழுந்ததும் முதல் வேலையாக ஆணியைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகுவான். அதற்குப் பிறகுதான் முகம் கழுவுவது, குழந்தையைத் தூக்குவது எல்லாம். தல்லூசாவுக்கு எரிச்சலாக வரும்.

"புள்ளையப் பாக்கறதவிட ஆணியத்தான் அதிகம் பாக்குற நீ."

"ஆணி சரியாப் போனாத்தான் புள்ளைக்கு நல்லது. ஒனக்கு என்ன தெரியும்."

அவனைக் குறை சொல்லவும் முடியாது. அவன் அப்பன் செத்தபோது, அவர் படுத்திருந்த பாயை மின்டியஸ் வீட்டு ஆட்கள் சுருட்டிக்கொண்டு போனதை ஏழு வயதில் பார்த்தவன் அவன். அவனுக்கு இரவும் பகலும் அந்தப் பாய்தான் நினைப்பு.

குழந்தை நன்றாகத்தான் வளர்ந்தது. சுவரைப் பிடித்து நின்றது. நாணல் பஞ்சை ஊதிப் பறக்கவிட்டுச் சிரித்தது. வசந்தம் பிறந்தபோது தல்லூசாவின் வயிற்றில் இன்னொன்றும் தங்கியிருந்தது. மே மாதம் தொடங்கி ஒரு வாரம் போனதும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

கழுதைப் பால் கொடுத்தார்கள். தெருமுனைக் காவல் தெய்வங்களுக்கு மாவு உருண்டையும் மாலையும் வைத்தார்கள். நான்கு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வெயில் ஜன்னல் வழியாக வந்து சுவரில் விழுந்திருந்தது. கீழே தெருவில் ரொட்டி விற்கிற பையன் ஒருவன் கூவிக்கொண்டு போனான். விதாலிஸ் ஒரு வாய் பால் குடித்தாள். அதைத் துப்பினாள். தாயின் முந்தானையை இறுகப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவ்வளவுதான்.

தல்லூசா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பெலிசியோ குழந்தையைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். ஆணியை அன்று காலை நகர்த்தியிருந்தான். நடுநாளுக்கு முந்தின நாளின் துளையில் நின்றது அது.

"ஒரு நாளு. இன்னும் ஒரே ஒரு நாளு இருந்துதே" என்றான்.

"போய் அந்த ஆணியப் புடுங்கி எறி" என்றாள் தல்லூசா. அவன் எறியவில்லை.

ஸ்பெராத்தா மேலே ஓடி வந்தாள். குழந்தையின் கண்ணை மூடிவிட்டாள். தல்லூசா அப்போதுதான் குரலெடுத்து அழத் தொடங்கினாள். ஸ்பெராத்தா அவள் வாயைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மூடினாள்.

"வேணாண்டியம்மா. வருஷம் நெறையாததுக்குத் துக்கம் கெடையாது. கறுப்புக் கட்டக் கூடாது, சத்தம் போட்டு அழக் கூடாது. ஒனக்குத் தெரியாதா."

தெரியும். எல்லோருக்கும் தெரியும். பத்து வயதுக்கு மேல் செத்தால் இத்தனை மாதம், மூன்று வயதென்றால் கொஞ்சம், ஒரு வயதுக்குக் கீழே என்றால் ஒன்றுமே இல்லை என்று அழுகைக்கு அளவு போட்டுக் கொடுத்த ஊர் இது. அளந்தவன் எவனும் பெற்றவன் இல்லை என்றுதான் நான் சொல்லுவேன். தல்லூசா வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் பெலிசியோ அதைக் கேட்டான். தரையைப் பார்த்தபடி கேட்டான். "அக்கா, ஒம் பொண்ண ஒரு காலைக்கு மட்டும் குடு."

ஸ்பெராத்தாவுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்துவிட்டாள். "என்னடா பேசற நீ? எவனாவது போட்டுக் குடுத்தா ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கும். காட்டிக் குடுக்கறவனுக்குப் பரிசே வச்சிருக்காங்கடா."

"யாருக்குத் தெரியும்? நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். ரெண்டும் ஒரே வயசு. அந்த ரொட்டிக்காரரு எட்டாம் நாளு பாத்ததோட சரி. இவ வயித்துல இருக்கறதும் என்ன மாதிரி பாயச் சுருட்டறதப் பாத்து வளரணுமா?"

ஸ்பெராத்தா தல்லூசாவின் வயிற்றைப் பார்த்தாள். "வயித்துல இருக்கறதுக்காகக் குடுக்கறேன். ஒனக்காக இல்ல" என்றாள் கடைசியில். தல்லூசாவை யாரும் கேட்கவில்லை. அவளும் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அந்தச் சும்மா இருந்ததைத்தான் பிற்பாடு தனக்குத் தானே மன்னிக்க முடியாமல் கிடந்தாள்.

பல் முளைத்து முடியாத குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பெலிசியோ ஆற்றங்கரைக் கிடங்கிலிருந்து உடைந்த எண்ணெய்ச் சாடி ஒன்று கொண்டுவந்தான். குழந்தையைத் துணியில் சுற்றும்போது கழுத்துப் பிறையை அவிழ்த்தான்.

"அது அவ கழுத்துலயே கெடக்கட்டும்" என்றாள் தல்லூசா.

"ரொட்டிக்காரரு அதத்தான் தேடுவாரு."

ஆக அந்தப் பிறைகூட இல்லாமல்தான் குழந்தை போனது. நகருக்கு வெளியே ஒஸ்தியா சாலை ஓரம், சாடிக்குள் வைத்துப் புதைத்தார்கள். சாடியின் கழுத்து மட்டும் மண்ணுக்கு மேலே ஒரு விரல் உயரம் நீட்டிக்கொண்டிருந்தது, பால் ஊற்றுவதற்கு.

நடுநாளுக்கு மறுநாள் கறுப்பு நாள். யாரும் எந்தக் காரியமும் தொடங்குவதில்லை. அதற்கும் மறுநாள் காலையில் பெரிய சதுக்கத்தில் நீதிபதி முன்னால் வரிசையில் நின்றார்கள். ஸ்பெராத்தா கூட்டத்தில் எட்டி நின்றுகொண்டாள். அவள் மகள் தல்லூசாவின் இடுப்பில் இருந்தாள், கழுத்தில் பிறையோடு. நல்ல கனமான குழந்தை. தல்லூசாவின் காதைப் பிடித்து இழுத்து விளையாடியது. அதன் உடம்புச் சூடு பட்டபோதெல்லாம் தல்லூசா அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

நீதிபதி பலகையைப் படிக்கச் சொன்னார். ரொட்டிக்காரர் பிறையைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். "இது ஒங்க ரெண்டு பேருக்கும் பொறந்த புள்ளதானா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க, ஐயா" என்றான் பெலிசியோ.

"அம்மா சொல்லட்டும்."

தல்லூசா வாயைத் திறந்தாள். குழந்தை அந்த நேரம் பார்த்துத் திரும்பி, கூட்டத்தில் ஸ்பெராத்தாவைக் கண்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டியது. தல்லூசா அதை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுதாங்க, ஐயா. விதாலிஸ்" என்றாள்.

ஒரு கை அவரைக்காய் உரிக்கிற நேரம்கூட ஆகவில்லை, குடிமக்கள் ஆகிவிட்டார்கள்.

ஒன்றும் வீணாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் மகன் ப்ரோபுஸ் பிறந்தான், பிறக்கும்போதே குடிமகனாக. மைதானத்துக்குப் பக்கத்தில் கடை போட்டார்கள். ஊருக்கு, விதாலிஸ் இலையுதிர் காலத்தில் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஸ்பெராத்தா தன் மகள் கழுத்திலிருந்து அவிழ்த்த அந்தப் பிறையை ஒரு துணியில் முடிந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

மறுவருஷம் பெலிசியோ ஒரு கல் வைக்கலாம் என்றான். எங்கள் ஊர்க் கல்லில் பெயர் மட்டும் போதாது. எத்தனை வருஷம், எத்தனை மாதம், எத்தனை நாள் வாழ்ந்தார் என்று வெட்ட வேண்டும்.

"ஒரு வருஷம் நாலு மாசம்னு போட்டுடலாம்" என்றான்.

"உசுரோட இருக்கறவங்ககிட்டப் பொய் சொல்லியாச்சு. அவகிட்டயும் சொல்லணுமா?"

"நெசத்தப் போட முடியாதே, தல்லூசா. பதினோரு மாசம் இருபத்தொம்பது நாளுன்னு போட்டா, படிக்கத் தெரிஞ்ச எவனும் விரலு விட்டு எண்ணிடுவான்."

"அப்ப ஒண்ணும் வேணாம்."

ஒன்றும் வைக்கவில்லை. பெயரில்லாமல் சாடியின் கழுத்து மட்டும் சாலை ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் மே மாதம் நடுநாளுக்கு முந்தின நாள் தல்லூசா போய் அதில் பால் ஊற்றிவிட்டு வருவாள். சீசர்கள் மாறினார்கள். ஒருவர் நல்லவர் என்றார்கள், ஒருவரைப் பற்றிப் பேசவே பயந்தார்கள். யார் வந்தாலும் போட்டுக் கொடுக்கிறவர்களுக்குப் பிழைப்பு இருந்தது. தெருவில் யாராவது தன்னை உற்றுப் பார்த்தால் தல்லூசா பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவாள். பெலிசியோ செத்தபோது அவனுக்கு நல்ல கல்லாக வைத்தாள். பாயை யாரும் சுருட்டிக்கொண்டு போகவில்லை, கடை ப்ரோபுஸுக்கு வந்தது. பெலிசியோ சாகும்போது அவளிடம் சொன்னது இது ஒன்றுதான்: "அந்தப் பிறைய அவளுக்கே விட்டிருக்கலாம்."

முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. ஸ்பெராத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் காலையில் கீழ்மாடி கியோனே, மீன் ஊறுகாய் விற்கிறவனின் பெண்டாட்டி, தலைவிரி கோலமாகத் தல்லூசாவின் வாசலில் வந்து நின்றாள். அவர்களும் அரை விடுதலைக்காரர்கள். அவள் மகனுக்கு மறுநாள்தான் ஒரு வயது நிறைய வேண்டியது. அன்று காலையில் குழந்தை போய்விட்டது. ப்ரோபுஸின் மகனுக்கும் அதே வயது.

"அம்மா, ஒங்க பேரன ஒரு காலைக்கு மட்டும் குடுங்கம்மா" என்றாள் கியோனே.

அதே வார்த்தை. தல்லூசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன்" என்றாள்.

"ஒங்க காலப் புடிச்சிக்கறேம்மா."

"எந்திரிடி. கேளு. புள்ளையப் பொதைக்கும்போது அவன் மேல கெடக்கற எதையும் அவுக்காத. நீதிபதிகிட்ட நானும் வரேன். நடந்தத நடந்தபடி சொல்லு."

"சொன்னா எல்லாம் போச்சேம்மா."

"போவட்டும். அடுத்தது பொறக்கும், அதக் காட்டு. பொய் சொல்லிட்டேன்னு வையி, செத்த புள்ளையும் ஒனக்கு இல்லாம போயிடும். ஒரு தடவ கூடப் பேரச் சொல்லி அழ முடியாது. எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று கியோனே கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை.

நான்கு நாள் கழித்து அதே சதுக்கத்தில் நின்றார்கள். நீதிபதி வயதானவர், இருமிக்கொண்டே இருந்தார். கியோனேயின் புருஷன் திக்கித் திணறி நடந்ததைச் சொன்னான். எழுத்தர் பலகையைப் பிரித்துப் பிறந்த நாளைப் படித்தார்.

"செத்தது என்னிக்கி?" என்றார் நீதிபதி.

"ஒரு வருஷம் நெறையறதுக்கு மொத நாளுங்க, ஐயா."

"விடியறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

"விடிஞ்சுதாங்க. மீன் படகு வந்துடுச்சு."

நீதிபதி இருமி முடித்தார். "அப்ப வருஷம் நெறஞ்சுது. கடைசி நாளு தொடங்கினாலே போதும், முடியணும்னு இல்ல. நாம எண்ணறது நாள, நாழிகைய இல்ல. புள்ளைக்கு ஒரு வயசு ஆயிருக்கு, நீங்க குடிமக்கள்தான். எழுதிக்க" என்றார் எழுத்தரிடம்.

கியோனேக்குப் புரியவில்லை. புருஷன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். தல்லூசா எழுத்தர் பக்கத்தில் போனாள்.

"தம்பி, இது இப்பப் போட்ட சட்டமா?"

"எதும்மா?"

"கடைசி நாளு தொடங்கினாலே போதும்கறது."

"எங்க தாத்தா இங்க எழுத்தரா இருந்த காலத்துலேர்ந்து இப்படித்தான். யாரும் வந்து கேக்கறதில்ல. கேட்டாத்தானே சொல்ல முடியும்" என்றார் அவர், பலகையில் எழுதிக்கொண்டே.

தல்லூசா படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று இதே இடத்தில் நின்று, என் மகள் நேற்று முன்தினத்துக்கு முந்தின நாள் காலையில் செத்துப்போனாள் என்று சொல்லியிருந்தால் போதும். ஊரான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தன் பிள்ளை பெயரைச் சொன்னது, பிறையை அவிழ்த்தது, முப்பத்தைந்து வருஷம் கல் வைக்காமல் விட்டது, எதற்கும் தேவையே இருந்திருக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெலிசியோ மேல், சட்டம் போட்டவன் மேல், எல்லாவற்றையும்விடத் தன் மேல். கியோனே வந்து தொட்டபோதுதான் எழுந்தாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

கல் வெட்டுகிறவன் பட்டறை, ஒஸ்தியா சாலை தொடங்குகிற நகர வாசலுக்குப் பக்கத்தில். "யாருக்கும்மா?" என்றான்.

"எம் பொண்ணுக்கு. மின்டியா விதாலிஸ்" என்றாள், விடுவித்த எஜமானின் வீட்டுப் பெயரையும் சேர்த்து.

"எத்தன வருஷம் வாழ்ந்தாங்க?"

"ஒரு வருஷம்."

"மாசம்?"

"கெடையாது."

"நாளு எத்தன?"

"நாளும் கெடையாது. ஒரு வருஷம், முழுசா."

"பொதுவா யாருக்கும் இப்படி முழுசா அமையாதும்மா" என்று சொல்லிவிட்டு அவன் சுண்ணக்கட்டியை எடுத்தான்.

கல் நட்ட அன்று, துணியில் முடிந்திருந்த வெண்கலப் பிறையைச் சாடியின் கழுத்து வழியாக உள்ளே போட்டாள். அடியில் போய் விழுகிற சத்தம் கேட்கும்வரை குனிந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து கறுப்புத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கடையிலிருந்து சாப்பிட வந்த ப்ரோபுஸ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரும்மா செத்துட்டாங்க?"

"ஒங்கக்கா."

"அக்காவா? அவ போயி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சேம்மா."

"ஆமா. அவளுக்கு ஒரு வயசு நெறஞ்சுதுன்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் தல்லூசா. பிறகு சுவரோரம் உட்கார்ந்து, மகளின் பெயரைச் சொல்லி, தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.